அழித்த படம் எங்கே போகிறது?

சென்ற வைகாசியில் ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை. என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். திருமங்கலம் பக்கம் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். கையில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

"அண்ணே, பென் டிரைவை ஃபார்மேட் பண்றதுக்குப் பதிலா இதப் பண்ணிட்டேன். ஒரு கல்யாணம் முழுசா இதுலதான் இருந்துச்சு."

ஃபார்மேட் என்றால் டிஸ்க்கை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்குவது. அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி: "அதுக்கப்புறம் இதுல எதுவும் ஏத்தினீங்களா?"

"காதுகுத்து ஒண்ணு, நாலு ஜிபி இருக்கும். ஏத்தி முடிச்சப்புறம்தான் பாத்தேன். உடனே கழட்டிட்டேன்."

உடனே கழற்றியது எவ்வளவு நல்ல காரியம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை ஏன் முதலில் கேட்டேன் என்பது புரிய வேண்டுமானால், ஹார்ட் டிஸ்க் ஒரு கோப்பை எப்படி வைத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். அழித்தும் ஏன் இடம் வரவில்லை, சிலதைக் காப்பி பண்ண ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாமே ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

உயிர் போன ஹார்ட் டிஸ்க் ஒன்றை மூடி கழற்றி என் மேசையில் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு வட்டத் தட்டு. கண்ணாடி மாதிரி பளபளப்பு, குனிந்தால் முகம் தெரியும். பெரிய கம்ப்யூட்டரில் வருகிறதென்றால் தட்டின் குறுக்களவு ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். லேப்டாப்பில் வருவது இன்னும் சிறியது. ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய கை தட்டின் மேல் நீளும். பழைய ரெக்கார்டு பிளேயரின் முள் மாதிரி தோன்றும், ஆனால் தட்டைத் தொடாது. தட்டு சுழலும்போது கிளம்பும் காற்றே அந்தக் கையின் நுனியில் இருக்கும் தலையைத் தூக்கிப் பிடிக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். நம்மூர்ப் புழுதியில் ஒரு துகள் போதும், ஓடுகிற தலைக்கு அது பாறை. அதனால்தான் வேலை செய்கிற டிஸ்க்கை எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தட்டின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன இடங்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பிய காந்தங்களாக நிற்கும். எங்கெங்கே திசை மாறுகிறது என்று தலை படித்துக்கொண்டே போகும். அதிலிருந்து கிடைப்பதுதான் 0, 1 வரிசை. அப்படி எட்டு சேர்ந்தால் ஒரு பைட்.

இந்தத் தட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்களுக்குத் தனிப் படம் வேண்டியதில்லை. ஊரே அப்படித்தான் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, அதற்கும் அப்பால் வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய வீதிகள். டிஸ்க்கின் தட்டிலும் இதே மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகத் தடங்கள் இருக்கின்றன. நம் வீதிகள் சதுரம், அவை வட்டம். இங்கே வீதிகளை விரல்விட்டு எண்ணலாம்; அங்கே ஒரு அங்குல அகலத்துக்குள் லட்சக்கணக்கான வீதிகள். ஒவ்வொரு வீதியிலும் கதவு எண் போட்ட வீடுகள் உண்டு. அவற்றுக்கு செக்டர் என்று பெயர். பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டருக்கு 512 பைட். 2011க்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் 4096 பைட்.

சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும். டிஸ்க்கில் அதற்கு நேர்மாறு. தேர் நின்ற இடத்திலேயே நிற்கும், வீதி சுற்றி வரும். தலை செய்வதெல்லாம் சித்திரை வீதிக்கா மாசி வீதிக்கா என்று குறுக்கே நகர்ந்து நிற்பது மட்டும்தான். பிறகு தேவையான வீடு சுழன்று தன் கீழே வருகிறவரை காத்திருக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு எடுப்பது 8.3 மில்லிநொடி, ஆகவே சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. வீதி மாறுவதற்கு ஏறத்தாழ 9 மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால் 13. இந்த 13ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

மாசி வீதி சித்திரை வீதியைவிட நீளம், அதனால் அங்கே வீடுகளும் அதிகம். டிஸ்க்கிலும் அப்படியே. வெளித் தடத்தில் செக்டர்கள் அதிகம், உள் தடத்தில் குறைவு. சுற்றும் நேரமோ இரண்டுக்கும் ஒன்று. ஆகவே வெளி வீதியில் இருப்பதை ஒரே சுற்றில் அதிகமாகப் படித்துவிடலாம். உள்ளே வர வர வேகம் குறையும், ஏறத்தாழ பாதி வரைக்கும். டிஸ்க் நிறைய நிறையக் காப்பி வேகம் குறைவது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம், ஏனென்றால் செக்டர்களுக்கு எண் போடுவது பெரும்பாலும் வெளி ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

1956ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி அகலத் தட்டுகள் 50 இருந்தன. எடை ஒரு டன் அளவுக்கு. அவ்வளவும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகளை வைத்துக்கொண்டது. இன்றைய செல்போன் படம் ஒன்றே சில நேரம் அதற்குள் அடங்காது.

இதுவரை சொன்னது இரும்பும் காந்தமும். இனிமேல் வருவதுதான் ஸ்டுடியோக்காரரின் கல்யாணத்தைக் காப்பாற்றிய விஷயம்.

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் வரிசையாக லாட்ஜுகள். ஒரு லாட்ஜில் ரூம்கள் ஒரு பக்கம், வரவேற்பு மேசையில் இருக்கும் ரெஜிஸ்டர் ஒரு பக்கம். டிஸ்க்கும் இப்படித்தான் இரண்டு பாகம். ரூம்களில் உங்கள் படங்கள், பாட்டுகள், கடிதங்கள். ரெஜிஸ்டரில் எந்தக் கோப்பு எந்தெந்த ரூமில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, எந்தத் தேதியில் வந்தது என்ற விவரம். ஃபோல்டரைத் திறந்து நீங்கள் பார்ப்பது ரூம்களை அல்ல, ரெஜிஸ்டரை. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

விண்டோஸ் தன் வசதிக்காகச் சில செக்டர்களைச் சேர்த்து ஒரு ரூமாக வைத்துக்கொள்கிறது. அதற்கு கிளஸ்டர் என்று பெயர். வழக்கமான அளவு 4 கேபி. 4 எம்பி உள்ள ஒரு போட்டோவுக்கு 1024 ரூம் வேண்டும். லாட்ஜில் ஒரு ஆள் வந்தாலும் ஒரு ரூம் முழுதாகப் போய்விடுகிறதல்லவா? மீதிக் கட்டிலில் வேறு ஆளைப் போட மாட்டார்கள். கிளஸ்டருக்கும் அதே கணக்கு.

நீங்களே செய்து பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து 'மதுரை' என்று மட்டும் அடித்து ஒரு பென் டிரைவில் சேமியுங்கள். இன்றைக்குப் பொதுவாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி, ஆக ஐந்து. மொத்தம் 15 பைட். இதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் 7 பைட்தான். இப்போது அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராபர்டீஸ் பாருங்கள். 'சைஸ்' என்ற இடத்தில் 15 பைட் இருக்கும். அதற்குக் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னொரு வரி. 64 ஜிபி பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற ரெஜிஸ்டர் முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் வழக்கமாக அங்கே 128 கேபி என்று காட்டும். 15 பைட்டுக்கு 128 கேபி! அந்த லாட்ஜில் ரூம்களே பெரியவை, அவ்வளவுதான்.

அதே கோப்பை சி டிரைவில் வைத்துப் பாருங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்று வரலாம். பிழையில்லை. சி டிரைவில் இருக்கும் ரெஜிஸ்டர் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். அதில் கோப்பு மிகச் சின்னதாக இருந்தால் அதற்கு ரூமே கொடுக்காமல் ரெஜிஸ்டரில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி முடித்துவிடுவார்கள். இதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இது வெறும் வேடிக்கைக் கணக்கில்லை. ஒரு ஜவுளிக்கடையில் பில் ஒவ்வொன்றும் 2 கேபி அளவில் தனிக் கோப்பாகச் சேர்கிறது என்று வையுங்கள். பத்தாயிரம் பில் சேர்ந்தால் உண்மையான அளவு 20 எம்பி. அதை அந்த 64 ஜிபி பென் டிரைவில் அப்படியே போட்டால் 1.2 ஜிபிக்கு மேல் தின்றுவிடும். காப்பி ஆகவும் நேரம் பிடிக்கும், ஏனென்றால் பத்தாயிரம் முறை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி எடுத்துப் போங்கள். இடமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஒரு டிபி டிஸ்க் 931 ஜிபி காட்டுவது வேறு கதை, ஆனால் கேட்காத ஆளில்லை. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு டிபி என்பது லட்சம் கோடி பைட், அதாவது 1க்குப் பின்னால் பன்னிரண்டு சைபர். விண்டோஸுக்கோ ஒரு ஜிபி என்றால் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட், 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவது. லட்சம் கோடியை இதால் வகுத்தால் 931. மல்லிகையைக் கோயில் வாசலில் முழம் போட்டு வாங்குகிறோம். பூக்காரம்மா கையால் பத்து முழம் வந்தது, வாங்குகிறவர் கையால் அளந்தால் ஒன்பதரை. பூ ஒன்றும் குறையவில்லை, கைதான் வேறு. ஆப்பிள் மேக்கில் 2009 முதல் தயாரிப்பாளர் கணக்கையே வைத்துக்கொண்டார்கள், அங்கே அதே டிஸ்க் ஒரு டிபி என்றே தெரியும். யாரும் உங்களிடமிருந்து 69 ஜிபியை எடுத்துக்கொள்ளவில்லை.

லாட்ஜுக்குத் திரும்புவோம். கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து பத்து ரூம் கேட்கிறது. வரிசையாகப் பத்து காலியாக இருந்தால் சேர்ந்து கொடுப்பார்கள். இல்லையென்றால் முதல் மாடியில் மூன்று, இரண்டாவதில் ஐந்து, மேலே மூலையில் இரண்டு. ரெஜிஸ்டரில் எல்லா எண்ணும் இருப்பதால் யாரும் தொலைய மாட்டார்கள், ஆனால் எல்லாரையும் கூப்பிட்டு வரப் பையன் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும். டிஸ்க்கில் இதற்கு ஃபிராக்மெண்டேஷன் என்று பெயர், கோப்பு சிதறிக் கிடப்பது. ஆயிரம் துண்டாகச் சிதறிய ஒரு வீடியோவைப் படிக்க ஆயிரம் தாவல், தாவலுக்கு அந்த 13 மில்லிநொடி. மொத்தம் 13 விநாடி வெறும் அலைச்சலிலேயே போய்விடும். சிதறியதை ஒன்று சேர்ப்பதுதான் டிஃப்ராக். விஸ்டா என்ற பதிப்பிலிருந்து விண்டோஸ் இதை வாரம் ஒருமுறை தானாகவே செய்கிறது. டிஸ்க்கில் பத்துப் பதினைந்து சதவீதமாவது காலியாக விடச் சொல்வதும் இதனால்தான். காலி ரூம் இல்லாத லாட்ஜில் யாரையும் இடம் மாற்றி அடுக்க முடியாது.

ஒரே டிரைவுக்குள் 10 ஜிபி படத்தை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு கட் பண்ணிப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. படம் நகரவில்லை, ரெஜிஸ்டரில் ஒரு வரி மாறியது. டி டிரைவுக்கோ பென் டிரைவுக்கோ மாற்றும்போதுதான் மூட்டை முடிச்சோடு வேறு லாட்ஜுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இப்போது அழிப்பதைப் பார்ப்போம். டெலீட் அழுத்தினால் கோப்பு முதலில் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அது இன்னொரு ஃபோல்டர்தான், ரூம்கள் அப்படியே பிடிபட்டிருக்கும். அழித்தும் இடம் வரவில்லை என்பவர்கள் முதலில் அதைக் காலி பண்ணிப் பாருங்கள். காலி செய்ததும் ரெஜிஸ்டரில் அந்தப் பெயருக்கு எதிரே 'காலி' என்று குறிக்கிறார்கள். அவ்வளவே. யாரும் மாடி ஏறிப் போய் ரூமைப் பெருக்கித் துடைப்பதில்லை. படம் அங்கேயே இருக்கிறது, அடுத்த ஆள் வந்து அதே ரூமைக் கேட்கும் வரை. குயிக் ஃபார்மேட்டும் இதே ரகம்தான். பழைய ரெஜிஸ்டரை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தைத் திறக்கிறார்கள். 2 டிபி டிஸ்க் சில விநாடியில் ஃபார்மேட் ஆகிறதே, அவ்வளவு நேரத்தில் ரூம் ரூமாகத் துடைக்க முடியுமா?

இந்தக் குணம் இரண்டு பக்கமும் வெட்டும். பழைய கம்ப்யூட்டரை விற்கிறவர்கள் குயிக் ஃபார்மேட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், பிள்ளைகளின் படம் எல்லாம் ரூமிலேயே கிடக்கிறது. விற்பதற்கு முன் ஃபார்மேட் பெட்டியில் குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடுங்கள். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில் அது எல்லா ரூமிலும் சைபர் எழுதும். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

எஸ்எஸ்டியில் சங்கதி வேறு. அங்கே சுழலும் தட்டும் இல்லை, தாவும் தலையும் இல்லை, சிப்புகள்தான். சிதறிக் கிடந்தாலும் அலைச்சல் இல்லாததால் அதற்கு டிஃப்ராக் தேவையில்லை, வீண் தேய்மானம்தான் மிச்சம். ஆனால் அழித்த கோப்பு எந்த இடத்தில் இருந்தது என்பதை விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையால் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டியும் தன் நேரத்தில் அதைத் துடைத்துவிடும். லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் அழித்ததைத் தேடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போவதும், பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்குவதும் ஏன் ஆபத்து என்பதும் இதில் அடக்கம். ஆள் ரூமுக்குப் போய்விட்டார், ரெஜிஸ்டரில் பாதிதான் எழுதியிருக்கிறது. என்டிஎஃப்எஸ் செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொள்வதால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் பென் டிரைவுக்கு அந்தக் குறிப்பு கிடையாது. 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்கும் அந்த ஐந்து விநாடியைத் தயவுசெய்து செலவழியுங்கள்.

ஸ்டுடியோக்காரரின் டிஸ்க் சுழலும் தட்டு வகை. நல்ல வேளை. முதல் வேலையாக அதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன், ரெஜிஸ்டர் சொல்கிற கோப்புகளை மட்டுமல்ல, முதல் செக்டரிலிருந்து கடைசி வரை எல்லா ரூமையும். மூலத்தில் இனி ஒரு பைட் எழுதக்கூடாது. மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் பண்ணி, மீட்டதையும் அதிலேயே சேமித்துத் தங்கள் படங்களைத் தாங்களே மிதித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ரெஜிஸ்டரில் கொஞ்சம் பக்கங்கள் மிஞ்சியிருந்தன. அதில் இருந்த படங்கள் பெயரோடு வந்தன. மற்றவற்றுக்கு ரூம் ரூமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஜேபெக் படம் எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட்டுகள் 255, 216. மென்பொருள் ஒவ்வொரு ரூமின் வாசலிலும் இந்த அடையாளத்தைத் தேடும், கிடைத்தால் அங்கிருந்து படத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். இரவு முழுக்க ஓடியது.

மறுநாள் 1800 படங்களில் 1600க்கு மேல் வந்திருந்தன. காதுகுத்து போய் உட்கார்ந்த ரூம்களில் இருந்தவை போனது போனதுதான். சில படங்கள் அரைகுறை. தாலி கட்டும் படம் ஒன்றில் மேல் பாதி தெளிவாக இருந்தது, மணப்பெண்ணின் குனிந்த தலை, பின்னால் நாத்தனாரின் கை. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. மீதித் துண்டு எந்த ரூமில் இருந்தது என்று சொல்ல ரெஜிஸ்டர் இல்லை.

பெயர் இழந்த படங்களெல்லாம் வெறும் எண்களாகக் குவிந்து கிடந்தன. நலங்கு எது, மாப்பிள்ளை அழைப்பு எது, பந்தி எது என்று எல்லாம் கலந்து. அவர் அதைப் பார்த்து மறுபடி சோர்ந்துபோனார். கேமரா ஒவ்வொரு படத்தையும் எடுத்த தேதியையும் நேரத்தையும் நொடி வரைக்கும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். அது ரெஜிஸ்டரில் இல்லை, ரூமில் இருக்கிறது. அந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினேன். முதல் நாள் சாயங்காலம் வாழைமரம் கட்டுவதிலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தது கல்யாணம். காலை 6 மணி 52 நிமிடத்தில் வந்தது அந்தச் சாம்பல் பட்டைப் படம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அமுக்கினார். இரண்டு நொடி கழித்து எடுத்தது, முழுசாக இருந்தது.